நாற்பதுக்குப் பிறகு யார் கேட்கிறாங்க?

நிந்தவூரில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் நாங்கள் கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஆம்புளப் புள்ளையா, பொம்புளப் புள்ளையா? எத்தனை கிலோ? நோர்மலா, சீசரா? பால் வருதா? யார்ர சாயல்? தாயைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் அது, "காயம் அரைச்சுத் தாறாங்களா, ஒழுங்காச் சாப்பிர்ரியா?" என்பதோடு முடிந்துவிடும். "இருமினா, தும்மினா சிறுநீர் கசியுதா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பிள்ளை பெறும் பெண்களில் மூன்றில் ஒருவர் அளவில் பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர்க் கசிவுக்கு ஆளாகிறார்கள். மலத்தையோ வாயுவையோ அடக்க முடியாமல் போகிறவர்கள் பத்தில் ஒருவர் வரைக்கும் இருக்கலாம். இவை உலகளாவிய ஆய்வுகளைத் திரட்டிச் சொல்லப்படும் கணக்குகள். எங்கள் ஊர்ப் பெண்களின் உடம்பு வேறு மாதிரிப் படைக்கப்படவில்லை. அப்படியென்றால் ஒரு குடும்பத்தில் மூன்று சகோதரிகள் பிள்ளை பெற்றிருந்தால், அதில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் ராத்தா சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எந்தத் தசையைப் பற்றிக் கதைக்கிறோம்?

இடுப்பெலும்பின் அடியில், முன்பக்கம் இருக்கிற எலும்பிலிருந்து பின்பக்கம் முள்ளந்தண்டின் நுனி வரைக்கும், ஒரு ஏணைச்சீலை மாதிரித் தொங்குகிற தசைக் கூட்டம் ஒன்று இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகள் என்று சொல்வார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இதுதான். சிறுநீரையும் மலத்தையும் அடக்கி வைப்பதற்கும், தாம்பத்திய உறவுக்கும், முதுகுக்குப் பலம் கொடுப்பதற்கும் இதற்குப் பங்கு இருக்கிறது.

கர்ப்பம் முழுக்க அந்த ஏணை கூடிக்கொண்டே போகிற பாரத்தைச் சுமக்கிறது. பிரசவ நேரத்தில் பிள்ளையின் தலை வெளிவருவதற்காக அது விரிகிறது. 2004இல் வெளிவந்த கணினி மாதிரி ஆய்வொன்று, இந்தத் தசையின் உட்பகுதி தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது என்று கணக்கிட்டது. கையிலோ காலிலோ உள்ள ஒரு தசை அப்படி இழுபட்டிருந்தால் எங்களை உடனே கட்டுப்போட்டுப் படுக்க வைத்து, பிறகு பயிற்சிக்கு அனுப்பியிருப்பார்கள். கால் முறிந்தவருக்கு ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவர் வந்து நடக்கப் பழக்குகிறார். பக்கவாதம் வந்தவருக்குக் கை மடக்கப் பழக்குகிறார். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் தையல் காய்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது.

"எனக்கு சீசர்தானே, எனக்கென்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. சீசரில் தசை கிழிவதில்லை, ஆபத்து குறைவு என்பது சரிதான். ஆனால் ஒன்பது மாதப் பாரத்தைச் சுமந்தது அதே தசை. கசிவு பலருக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கத்தி வைத்தால் முற்றாகத் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது.

இழப்பு என்ன என்று கேட்டால்

சில துளிகள்தானே, அதற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று நினைக்கலாம். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் நாளை எடுத்துப் பாருங்கள். சுபஹுக்கு வுழூ எடுக்கிறாள். ருகூவுக்குக் குனியும்போது ஒரு துளி போன மாதிரி இருக்கிறது. போனதா, போகலையா? திரும்ப வுழூ எடுத்து, உடுப்பு மாற்றி, திரும்பத் தொழுகிறாள். ஐந்து நேரமும் இதே சந்தேகம். றமழானில் ராத்தாமார், மச்சிமார் எல்லாம் தராவீஹுக்குப் போகிறார்கள், அவள் மட்டும் "புள்ள அழுவான்" என்று வீட்டில் நின்றுவிடுகிறாள். பிள்ளை நிம்மதியாக நித்திரை கொள்கிறான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

தொடர்ச்சியாகக் கசிகிறவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, ஒவ்வொரு நேரத் தொழுகைக்கும் வுழூ எடுத்துத் தொழலாம் என்று உலமாக்கள் விளக்குவார்கள். அது பெரிய ஆறுதல். ஆனால் பலர் அந்தச் சட்டத்தைக் கேட்டறிவதற்குக்கூட வாய் திறப்பதில்லை. சலுகை இருக்கிறது என்பதற்காகக் குணப்படுத்தக் கூடியதைக் குணப்படுத்தாமல் விட வேண்டும் என்றும் இல்லை. நோயாளி இருந்து தொழலாம் என்பதால் முழங்கால் வலிக்கு மருந்து எடுக்காமல் யாரும் இருப்பதில்லையே.

தொழுகையோடு முடியவில்லை. கல்யாண வீட்டில் வாய் விட்டுச் சிரிக்கப் பயம். மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போவதென்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத பயணம். அடி இறங்கின மாதிரி, கீழே ஏதோ பாரமாகத் தொங்குகிற மாதிரி ஒரு உணர்வு. கணவனோடு சேர்வதில் வலி, அதைச் சொல்லாமல் ஒதுங்குவது, அதை அவர் வேறு மாதிரி விளங்கிக்கொள்வது. மருதமுனையில் தறியில் இருக்கிற பெண்ணும், வயலில் நெல் மூட்டை தூக்குகிற பெண்ணும், பிள்ளைக்கு இரண்டு வயதானதும் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் மாடிப்படியில் தண்ணீர் வாளி சுமக்கிற பெண்ணும் அதே பலமிழந்த தசையோடுதான் பாரம் தூக்குகிறார்கள். இருபத்தைந்து வயதில் துளியாகத் தொடங்கியது, மாதவிடாய் நின்ற பிறகு கருப்பை இறக்கமாகவும் சத்திரசிகிச்சையாகவும் வந்து நிற்கலாம்.

இதையெல்லாம் ஒரு வசனத்தில் மூடி வைத்திருக்கிறோம்: "புள்ள பெத்தா இப்படித்தான் மகள்." எல்லாருக்கும் வருகிறது என்பது ஒன்று, வந்தால் அப்படியே கிடக்க வேண்டும் என்பது வேறொன்று. பல்வலியும்தான் எல்லாருக்கும் வருகிறது.

நாற்பது நாள் நமக்குத் தந்திருக்கிற வசதி

எங்கள் கரையோரத்து வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. கல்யாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற ஊர் இது. அதனால் பிள்ளை பெறுகிறவள் தன் சொந்த வீட்டில், தன் உம்மாவின் பக்கத்தில் இருக்கிறாள். நாற்பது நாள் அவளை வேலை செய்ய விடுவதில்லை. வேது வெந்நீரில் குளிப்பாட்டுகிறார்கள், காயம் அரைத்துக் கொடுக்கிறார்கள், பிள்ளையைத் தூக்க ஆட்கள் இருக்கிறார்கள். லண்டனிலும் டொரொன்டோவிலும் நான்கு சுவருக்குள் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் இந்த வசதிக்காக ஏங்குவார்கள்.

ஓய்வு கொடுக்கிற இந்த நாற்பது நாளுக்குள் பயிற்சியும் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. வயிற்றை இறுக்கிக் கட்டுவது வயிறு உள்ளே போன மாதிரி ஒரு உணர்வைத் தரும், ஆனால் கட்டின சீலை அடித்தளத் தசைக்குப் பலம் சேர்க்காது. தசை வேலை செய்தால்தான் பலப்படும். சில வீடுகளில் தண்ணீர் குறைத்துக் குடிக்கச் சொல்கிற வழக்கத்தையும் விட வேண்டும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கல் வந்தால் முக்கல், முக்கினால் இழுபட்டிருக்கிற அதே தசைக்கு இன்னும் அடி. பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தை விடக் கூடத்தான் தண்ணீர் தேவை.

பயிற்சி வேலை செய்யுதா?

செய்கிறது. இது நேற்று முளைத்த புதினம் இல்லை. இங்கிலாந்தில் மார்கரெட் மொரிஸ் என்ற நடனக் கலைஞர் இயன்மருத்துவமும் படித்து, 1930களிலேயே தாய்மாருக்கான உடற்பயிற்சி நூல் எழுதியவர். அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னோல்ட் கீகல் 1948இல் தன் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இன்று "கீகல் பயிற்சி" என்று யூடியூப்பில் தேடுகிறோமே, அந்தப் பேர் அவருடையதுதான்.

2020இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு 21 நாடுகளில் நடந்த 46 ஆய்வுகளை, 10,832 பெண்களை எடுத்துப் பார்த்தது. கசிவு இல்லாத கர்ப்பிணிகள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இந்தப் பயிற்சியைச் செய்தால், கர்ப்பத்தின் கடைசிக் காலத்தில் கசிவு வருகிற ஆபத்து சுமார் 62 வீதம் குறைகிறது. பிரசவித்து மூன்று முதல் ஆறு மாதத்தில் பார்த்தால் 29 வீதம் குறைகிறது. அதாவது வந்த பிறகு மாற்றுவதை விட, வருமுன் காப்பதற்குத்தான் ஆதாரம் கூடுதலாக இருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு பார்ப்போம் என்று இருக்காமல், வயிற்றில் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

செய்முறை இதுதான். படுத்தோ இருந்தோ கொள்ளுங்கள். காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குகிற மாதிரி உள்ளே, மேலே இழுங்கள். சில விநாடி பிடித்து, முழுதாக விடுங்கள். விடுவதும் பயிற்சியில் பாதி. மூச்சை அடக்கக் கூடாது, பின்பக்கத்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. இங்கிலாந்தின் நைஸ் நிறுவன வழிகாட்டி சொல்கிற அளவு: ஒரு தடவைக்கு குறைந்தது 8 இழுப்பு, நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம், அதுவும் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில். எங்களுக்கு அலாரம் வைக்கத் தேவையில்லை. நிபாஸ் காலத்தில் தொழுகை இல்லாவிட்டாலும் பாங்கு சத்தம் வீட்டுக்குள் வரும். ளுஹர், மஃரிப், இஷா என்று மூன்று பாங்கைப் பிடித்துக்கொண்டால் போதும். இருமல் வருகிறது, பிள்ளையைத் தூக்கப் போகிறோம் என்றால் அதற்கு முன்னால் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். இழுத்து இழுத்து அடங்குகிறதா என்று பார்க்க, சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதை மட்டும் வழக்கமாக்க வேண்டாம்.

"அப்ப இதைப் படிச்சிட்டு வீட்டிலயே செய்யலாமே, இயன்மருத்துவர் எதுக்கு?" நியாயமான கேள்வி. 1991இல் ஒரு ஆய்வில், பெண்களுக்கு வாயால் மட்டும் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, செய்வதை அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் செய்த விதம், உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கி, கசிவைக் கூட்டக் கூடியதாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தசை இது. கையை மடக்கினால் மடங்கியது தெரியும், இது தெரியாது. சிலருக்குத் தசை பலமிழக்காமல் அளவுக்கு மீறி இறுகிப் போய் அதனால் வலிக்கும். அவர்கள் இன்னும் இறுக்கிப் பயிற்சி செய்தால் வலி கூடும், அவர்களுக்குத் தேவை தளர்த்துகிற பயிற்சி. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் படித்த ஒருவர் வேண்டும்.

அவரிடம் போனால் என்ன நடக்கும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. முதலில் கதைப்பார். எத்தனை தடவை போகிறது, எப்போது கசிகிறது, பிரசவம் எப்படி, தையல் எங்கே, மலம் ஒழுங்காகப் போகுதா என்று கேட்பார். மூச்சு விடுகிற விதம், வயிறு, முதுகு பார்ப்பார். உள்பரிசோதனை தேவைப்படலாம், அது உங்கள் சம்மதத்தோடுதான். வேண்டாம் என்று சொல்லலாம், உம்மாவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லலாம், பெண்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.

இருக்கிற அமைப்பிலேயே இடம் இருக்கிறது

எங்கள் நாட்டுத் தாய்சேய் சேவை சாதாரணமானதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி ஒரு நூற்றாண்டு ஆகிறது. இன்று 99 வீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. பிரசவத்தில் தாய் இறப்பது இந்தப் பிராந்தியத்திலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து கையில் எச் 512 கார்ட் இருக்கிறது. பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தால் மிட்வைஃப் மிஸ் படலையைத் தேடி வருகிறார். முதல் பத்து நாளைக்குள் இரண்டு தடவை, இரண்டு மூன்று கிழமைக்கிடையில் ஒரு தடவை, 42ஆம் நாள் அளவில் இன்னொரு தடவை. முப்பத்தைந்து வயதில் வெல் வுமன் கிளினிக் இருக்கிறது. பணக்கார நாடுகள் பலவற்றில்கூட இப்படி வீடு தேடி வருகிற ஆள் இல்லை.

தாயை உயிரோடு காப்பாற்றுவதில் இந்த அமைப்பு வென்றுவிட்டது. அடுத்த வேலை, காப்பாற்றின தாய் நல்லபடியாக வாழ்கிறாளா என்று பார்ப்பது. அதற்குப் புதிய கட்டடமோ விலை கூடின மெசினோ தேவையில்லை. மூன்று விடயம் போதும்.

ஒன்று, மிட்வைஃப் மிஸ் வருகிற ஒவ்வொரு தடவையும் தாயிடம் இரண்டு கேள்வி: சிறுநீரோ மலமோ கசியுதா? கீழே பாரமாகவோ, ஏதும் இறங்கின மாதிரியோ இருக்கிறதா? இரண்டு, கர்ப்பிணி கிளினிக்கில் சத்துணவு பற்றி வகுப்பு எடுக்கிற அதே நாளில் பத்து நிமிடம் இந்தப் பயிற்சி. மூன்று, கல்முனைப் பிராந்தியத்தில் ஏதாவது ஒரு ஆதார வைத்தியசாலையில் கிழமைக்கு ஒரு நாள், பெண் இயன்மருத்துவர் இருக்கிற, திரை போட்ட, தனியான ஒரு கிளினிக். நிந்தவூரிலிருந்து காரைதீவு, சாய்ந்தமருது தாண்டினால் கல்முனை. பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டுப் போய் ளுஹருக்கு முன்னால் வந்துவிடலாம்.

பிரான்சில் பிரசவித்த பெண்ணுக்கு இடுப்புத்தளப் பயிற்சி அமர்வுகளை எழுதிக் கொடுப்பது வழமை, செலவை அரச காப்புறுதி ஏற்கிறது. இங்கிலாந்து இதைக் கவனிக்காமல் விட்டு வேறு பாடம் படித்தது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கசிவுக்கும் இறக்கத்துக்கும் உள்ளே செயற்கை வலை வைத்துத் தைத்தார்கள். அதனால் வாழ்நாள் வலிக்கு ஆளான பெண்களின் முறைப்பாட்டை விசாரித்த குழு 2020இல் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் யோனி வழியாக வைக்கிற இறக்க வலைகளின் விற்பனையை நிறுத்தும்படி 2019இல் உத்தரவு வந்தது. கத்திக்கு முன்னால் பயிற்சியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகு பலத்தது. நாங்கள் அந்தச் சுற்றுப் பாதையில் போகத் தேவையில்லை.

ஆட்சேபனைகள்

முதலாவது, ஆள் இல்லை. உண்மைதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் இயன்மருத்துவர்களும் நாட்டை விட்டுப் போனார்கள். இருக்கிறவர்களுக்கு வேலை தலைக்கு மேல். ஆனால் மருந்தும் கட்டிலும் கேட்காத சிகிச்சை இது. இன்றைக்கு ஒரு தாய்க்கு ஒதுக்குகிற அரை மணித்தியாலம், இருபது வருடம் கழித்து ஒரு சத்திரசிகிச்சையை மிச்சப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டுக்குத்தான் இது கூடப் பொருந்தும்.

இரண்டாவது, வெட்கம். "இதையெல்லாம் வெளியில கதைக்கிறதா?" என்பார்கள். மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்கள் புகழ்ந்தது, மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு அவர்களுடைய வெட்கம் தடையாக இருக்கவில்லை என்பதற்காக. ஹைளு, நிபாஸ் பற்றி மதரஸாவில் கிதாபு விரித்துப் படிக்கிற சமூகம் நாங்கள். தொழுகையோடு சம்பந்தப்பட்ட ஒரு நோயைப் பற்றி மட்டும் வாயை மூடுவது எந்த வெட்கம்?

மூன்றாவது, ஆண்களுக்கு இதில் என்ன? நிறைய. வாளி தூக்குவது, அரிசி மூட்டை இறக்குவது, இரவில் பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பது, கிளினிக் நாளில் மோட்டார் சைக்கிளைத் தயாராக வைத்திருப்பது. மனைவி ஒதுங்கினால் கோபப்படாமல், வலிக்குதா என்று ஒரு தடவை கேட்பது.

எங்கட தலைமுறைக்கு

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் ஏ.எல். பெறுபேறு கையில் வைத்துக்கொண்டு என்ன படிக்கலாம் என்று யோசிக்கிற தங்கச்சிமார் இருப்பீர்கள். உயிரியல் படித்தால் டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று எங்கள் ஊர் நினைக்கிறது. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழில் கதைக்கிற, எங்கள் பழக்கவழக்கம் தெரிந்த, அபாயா போட்ட பெண்ணின் தயக்கத்தை விளங்கிக்கொள்கிற ஒரு இயன்மருத்துவரின் தேவை இந்தக் கரையில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற எல்லாருக்கும் இன்றைக்கே செய்யக் கூடிய ஒன்று இருக்கிறது. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், அடுத்த கிளினிக்கில் இந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை பெற்றிருந்தால், பெயரும் எடையும் கேட்டு முடிந்த பிறகு, ஆட்கள் போனதும், தனியாக அவளைக் கேளுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாறவில்லை என்றால் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். எரிவு, காய்ச்சல், இரத்தம், சிறுநீர் போகாமல் அடைப்பது, விடாமல் எந்நேரமும் ஒழுகுவது, கீழே கட்டி மாதிரி வெளியே தெரிவது என்று ஏதும் இருந்தால் மூன்று மாதம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே காட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முன் பிள்ளை பெற்ற சாச்சிக்கும் மாமிக்கும் காலம் பிந்திவிடவில்லை, தசை எந்த வயதிலும் பழக்கினால் பழகும். அவர்களிடமும் கேளுங்கள். முதல் தடவை "சும்மா போடீ" என்பார்கள். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.